சித்தப்பா படித்த நாவல்

கடலூர் முதுநகரில் என் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு நாவல் கொண்டுபோவது என் வழக்கம். சித்திக்குத்தான். சித்தப்பா தினசரிப் பேப்பரோடு சரி. சென்ற மாதம் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' கொண்டுபோனேன். கலைமகள் பரிசு பெற்று, 1959-ல் வெளிவந்த கதை.

என்னைப் பொறுத்த வரையில் அது ஒரு காதல் தோல்விக் கதை. பினாங்கில் வட்டிக்கடையில் இருந்த செல்லையா, நேதாஜியின் படையில் சேருகிறான். யுத்தம் முடிந்து திரும்பி வருகிறான். முதலாளி மகள் மரகதம் அவன்மேல் உயிராக இருக்கிறாள். ஆனால் துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேடு எழுத உதவாதென்று முதலாளி பெண் கொடுக்க மறுத்துவிடுகிறார். மரகதத்துக்காக நான் கண்ணீர் விட்டேன், சித்தியும் விட்டாள்.

சித்தப்பா எப்போது அதை எடுத்துப் படித்தாரோ! இரவு இலை முன்னால் உட்கார்ந்ததும், "காதலாவது, கத்தரிக்காயாவது! அந்த முதலாளி இருக்கிறாரே, அவர்தான் கதை" என்றார்.

சித்தப்பா 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். 1,100 பேருக்கு மேல் பறிகொடுத்துவிட்டு, 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னையில் வந்து இறங்கியது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழ் மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சித்தப்பா பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "தமிழனைச் சுட்டுவிட்டு வந்தவனா?" என்று கேட்டு அனுப்பினார்களாம். இத்தனை வருஷமாக அவர் சொல்லாத விஷயம்.

"எழுதினவன் பட்டாளத்தில் இருந்தவன்தான்" என்று சாதித்தார்.

சிங்காரம் சுமத்ராவில் மேடான் நகரத்துக் கடையொன்றில் வேலைக்குப் போனவர், பிற்பாடு மதுரையில் 'தினத்தந்தி'யில் இருந்தவர் என்றேன். அவர் நம்பவேயில்லை. பட்டாளத்துக்காரரையே இப்படி நம்ப வைத்தது கலைமகள் பரிசைவிடப் பெரிய பரிசு என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் மரகதத்தை அவர் அப்படித் தள்ளிவிட்டது நியாயமில்லை. மறுக்கப்பட்டவள் அவளுந்தானே?

சித்தி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கொடுக்கவில்லை, கொடுக்கவில்லை என்கிறீர்களே, எங்கப்பா கொடுத்தாரே! அது எந்தப் புஸ்தகத்தில் வரும்?" என்று கேட்டாள்.

சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அடுத்த தடவை சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சித்திக்காகத்தானாம்!