காதுக்குள் பதினெட்டுப் பொறிகள்



சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஒரு பொருளுக்கு மூன்று இலட்சம் ரூபாய் விலை என்றால், அது வைரமாகவோ மாணிக்கமாகவோ இருக்கும் என்றுதான் எவருக்கும் எண்ணத் தோன்றும். வைரமும் அன்று, மாணிக்கமும் அன்று. பாட்டும் பேச்சும் கேட்பதற்காகக் காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்! அமெரிக்காவின் 64 ஆடியோ என்னும் நிறுவனம் செய்த 'டியா ஃபோர்டே' சந்தைக்கு வந்தபோது அதன் விலை 3,599 டாலர். அதே நிறுவனத்தின் இன்னொரு வகையில் ஒவ்வொரு காதுக்கும் 18 ஒலிப்பொறிகள் வைத்திருக்கிறார்கள். அது வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 3,000 டாலர்.

இதைப் பற்றி எழுதும்படி தூண்டியது ஒரு தாயின் கடிதம். படிப்பை முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கும் அவருடைய மகன், ஆறேழு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து இப்படியொன்றை வாங்கப் போவதாகச் சொல்கிறானாம். இது வீண் விரயமா, அல்லது எங்களுக்குப் புரியாத அருமை ஏதேனும் அதில் இருக்கிறதா என்று அந்தத் தாய் கேட்கிறார். நியாயமான கேள்வி. 'காலம் கெட்டுவிட்டது' என்று ஒரு பெருமூச்சோடு தள்ளிவிடக் கூடியதன்று.

இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் பொறிக்கு 'டிரைவர்' என்று பெயர். இதில் இரு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்று, வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரைப் போன்றது. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்சாரம் பாயும்போது சவ்வு அதிர்கிறது. மற்றொன்றுக்கு 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' என்பது பெயர். இரு காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் ஓர் உலோக நாக்கு அசைந்து, மிகச் சிறிய தகடொன்றை அசைக்கிறது. நெல்மணியை விடச் சற்றே பெரிய கூட்டுக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். செவித்திறன் குன்றியோர் அணியும் கருவிகளுக்காகவே இந்த நுண்பொறி வளர்க்கப்பட்டது. 1946-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நோல்ஸ் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. இன்று இலட்சங்களில் விலை கூறப்படும் இயர்போன்கள் பலவற்றின் உள்ளே இருப்பது, பெரியவர் ஒருவர் பேரனின் மழலையைக் கேட்பதற்காக உருவான பொறியின் வழித்தோன்றலே.

மனிதப் பேச்சைத் தெளிவாகக் கேட்பிக்க ஒரு பொறி போதும். ஆனால் இசையில் மேளத்தின் அடிநாதம் முதல் சலங்கையின் கிணுகிணுப்பு வரை எல்லாம் வேண்டும். இந்தச் சிறு பொறி ஒரு பகுதியை நன்றாகத் தந்தால் மற்றொரு பகுதியில் தளர்ந்துவிடும். ஆகவே அடிநாதத்துக்கு ஒன்று, மேல்நாதத்துக்கு ஒன்று எனப் பங்கிட்டுக் கொடுக்கும் யோசனை பிறந்தது. 1995-இல் 'வான் ஹேலன்' என்ற ராக் இசைக் குழுவின் ஒலிப் பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இரு பொறிகள் கொண்ட இயர்போனைச் செய்து கொடுத்தார். காதின் உட்புறத்தை அச்செடுத்து, அதற்குள் சரியாகப் பொருந்துமாறு வார்க்கப்பட்டது அது. அதிலிருந்து எழுந்ததே 'அல்டிமேட் இயர்ஸ்' நிறுவனம்.

டிரம்ஸின் பேரிரைச்சலுக்கு நடுவே அமர்ந்திருப்பவருக்குத் தம் குழுவினரின் வாசிப்புக் கேட்க வேண்டும். வெளியோசை அடைபட வேண்டும். உள்ளோசை உரக்க ஒலித்தாலும் சிதையக் கூடாது. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பல பொறிகள் அங்கே தேவையாயின. அது அவருடைய தொழிற்கருவி. தையல்காரர் நல்ல கத்தரிக்கோலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை அல்லவா?

பின்னர் அந்தக் கருவி மேடையை விட்டு இறங்கி இல்லங்களுக்குள் வந்தது. கூடவே எண்ணிக்கைப் போட்டியும் வந்தது. இரண்டு நான்காயிற்று, பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று, பதினெட்டுமாயிற்று. வாங்குவோர் மனத்திலும் 'அதிகப் பொறி, அதிகச் சுவை' என்ற கணக்கு பதிந்துவிட்டது.

கணக்கு அவ்வளவு நேரானதன்று. பொறிகள் பெருகப் பெருக, எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்தனுப்பும் 'கிராஸ்ஓவர்' என்ற மின்சுற்றும் சிக்கலாகிறது. இரு பொறிகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒரே ஒலியை எழுப்பும். அவற்றின் அலைகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக வந்து சேர்ந்தால் அந்த ஒலி மங்கிவிடும். மீலாது மேடையில் பைத்துப் பாடும் பிள்ளைகளுள் ஒருவன் அரைக்கணம் பிந்தினால் என்ன ஆகும் என்பதை நாம் கேட்டிருக்கிறோம். திறமையான பொறியாளர் இதையெல்லாம் சரிசெய்துவிடுவார். ஆனால் அந்தத் திறமையின் பெரும்பகுதி, எண்ணிக்கையால் விளைந்த தொல்லையைத் தீர்ப்பதற்கே செலவாகிறது! போதாக்குறைக்கு, இவ்வகை இயர்போன்கள் பலவற்றில் மின்தடை ஒலிக்கு ஒலி மாறுபடுவதால், ஒரு கருவியில் இனிமையாக ஒலித்தது வேறொரு கருவியில் சுவை மாறி ஒலிப்பதும் உண்டு.

ஒற்றைப் பொறி என்றாலே மட்டம் என்பதும் இல்லை. 1991-இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட 'ஈ.ஆர்.-4' காதுக்கு ஒரே ஓர் ஆர்மேச்சர் கொண்டது. துல்லியத்துக்காக அதன் வழிவந்த வகைகளை இன்றும் நாடுவோர் உண்டு. ஜெர்மனியின் சென்ஹைசர் 2021-இல் வெளியிட்ட 'ஐ.ஈ. 900' என்பதிலும் 7 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே பொறிதான். வெளிவந்தபோது அதன் விலையோ 1,300 டாலர். ஆக, பொறி ஒன்றானாலும் விலை குறைவாகத்தான் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை!

அப்படியானால் விலை எதைத்தான் காட்டுகிறது? ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து, 2017-இல் தம் முடிவை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதை எவ்வளவு தருகிறது என்னும் சமநிலைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை என்பதுதான் அம்முடிவு. இந்தச் சமநிலை சாதாரண விஷயமன்று. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய தோழர்களும் நடத்திய சோதனைகளில், எதைக் கேட்கிறோம் என்று அறியாமலேயே கேட்டவர்களுள் பெரும்பாலோர் விரும்பியது ஒரு குறிப்பிட்ட வகைச் சமநிலையைத்தான். பெயரும் விலையும் கண்ணில் படும்போது காது சொல்வதை மனம் திருத்தி எழுதிவிடுகிறது. புதுப் பானையில் வைத்த தண்ணீர்கூட இனிக்கத்தானே செய்கிறது!

நேர்மையாகச் சொல்வதானால் அந்த இலட்சங்கள் முழுவதும் ஏமாற்று அல்ல. குறைந்த எண்ணிக்கையில், பெரிதும் கைவேலையாகச் செய்யப்படுபவை அவை. வலக்காதுக்கும் இடக்காதுக்கும் பொறிகளைப் பொறுக்கி இணை சேர்க்கிறார்கள். நுணுகிக் கேட்பவருக்குக் கிட்டும் சில நயங்களும் உண்டு. எனினும் தெருக்கடையில் வாங்கும் மலிவுப் பொருளிலிருந்து, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல இயர்போனுக்கு மாறும்போது தெரிகிற வேறுபாட்டின் முன், அங்கிருந்து மூன்று இலட்சத்துக்குத் தாவும்போது தெரிவது சொற்பமே. சீனாவின் மூன்டிராப் நிறுவனம் 2022-இல் சுமார் 20 டாலருக்கு வெளியிட்ட 'சூ' என்ற ஒற்றைப் பொறி இயர்போன், மேற்சொன்ன சமநிலையை ஒட்டியே செய்யப்பட்டது.

எனவே அந்தத் தாயாருக்குச் சொல்வேன்: மகனை ஊதாரி என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஒலியின் நயத்தை நாடுவது இழிவான ஆசையன்று. அவன் செலவிட எண்ணுவதும் தன் உழைப்பின் ஊதியத்தை. ஆனால் 18 என்ற எண்ணையும் விலைச் சீட்டையும் மறைத்துவிட்டு, ஒலியளவைச் சமமாக்கி, இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நண்பன் ஒருவன் உதவினால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் சோதனை இது. அதன் பிறகும் அவன் உள்ளம் அதையே நாடினால், அறிந்து வாங்குகிறான் என்று விட்டுவிடலாம். அவன் மேடைக் கலைஞனாகவோ ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவனாகவோ இருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

விலையை விட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. காதுத்துளையில் இயர்போன் இடைவெளியின்றி அடைந்திருக்க வேண்டும். சிறு சந்து இருந்தாலும் அடிநாதம் கசிந்து போய்விடும். மூன்று இலட்சம் ரூபாய்ப் பொருளும் தகர டப்பாவாக ஒலிக்கும். பெட்டிக்குள் மூன்று அளவுகளில் ரப்பர் முனைகள் வைத்திருப்பார்கள். நம்மில் எத்தனை பேர் அவற்றை மாற்றிப் பார்க்கிறோம்? இரு காதுகளுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. முனையை அவ்வப்போது துடைத்து வையுங்கள். காதுக்குறும்பி குழாயில் அடைத்துக்கொண்டால் பதினெட்டுப் பொறிகளும் ஊமைதான்.

நன்றாக அடைந்திருப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வெளியிரைச்சல் குறைவதால் ஒலியைக் கூட்டி வைக்க வேண்டிய தேவை குறைகிறது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எந்த விலையிலும் அவற்றுக்கு மாற்று வாங்க முடியாது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரந்தான். கேட்கும் அளவைப் பதிவு செய்து காட்டும் வசதி இப்போது சில கைப்பேசிகளில் உள்ளது. உங்கள் பிள்ளையின் கைப்பேசியில் இருந்தால், சென்ற வாரக் கணக்கை இருவருமாக அமர்ந்து ஒருமுறை பாருங்கள்.