அம்மாவுக்கு யார் லீவு கொடுப்பது?



நெடுந்தீவில் மலை கிடையாது. முருகைக்கல் வேலிகளும் பனைகளும் குதிரைகளும் உள்ள தட்டையான நிலம் அது. அப்படியான ஊரில் நெடுநடை பற்றியும் மலையேற்றம் பற்றியும் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாதர் குழுக் கூட்டம் முடிந்த பிறகு, ஐம்பத்தெட்டு வயதான ஓர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் இந்தமுறை சந்நிதியிலையிருந்து கதிர்காமத்துக்கு நடக்கப்போறன். பெடியளோடை நீங்கள் ஒருக்காக் கதைக்கவேணும்."

"அம்மா, உங்களுக்குப் பிறசர் இருக்கெல்லே?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

"அது வீட்டிலை இருந்தாலும் இருக்கும்தானே பிள்ளை" என்று சிரித்தார்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை இலங்கையின் மிக நீண்ட கால்நடைப் பயணங்களில் ஒன்று. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தையில் இறுதி ஆயத்தம் செய்து, குமுனை, யால காடுகளைக் கடந்து கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச்சேர ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடப்பது தடைப்பட்டிருந்தது. 2009க்குப் பின்னர் மீண்டும் வழமைக்கு வந்தது. நடப்பவர்களில் பெண்கள், அதிலும் வயதான பெண்கள், பெருந்தொகையினர்.

நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மூத்த மகனின் முதற் கேள்வி, "சனம் என்ன சொல்லும் அக்கா? அம்மாவைப் பார்க்க ஆளில்லை எண்டெல்லோ நினைக்கும்" என்பது. இளையவர், "காலுக்கு ஏதும் நடந்தால்?" என்றார். இருவருக்கும் தாய்மேல் அன்பு இல்லாமலில்லை. ஆனால் தாய் போய்விட்டால் தண்ணீர் அள்ளுவது யார், ஆட்டுக்குக் குழை வெட்டுவது யார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது யார் என்பதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டது மருமகள்தான். பிறகு அவரே, "மாமி போகட்டும். நான் சமாளிப்பன்" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் விழித்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் சுமையை இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றுவது தீர்வாகுமா? வேலைகளை ஒரு கொப்பித் தாளில் ஒவ்வொன்றாக எழுதினோம். பதினேழு வேலைகள் வந்தன. தாளைப் பார்த்து மூத்தவர் கொஞ்சநேரம் பேசவில்லை. தண்ணீரும் ஆடும் அவருக்கு, பள்ளிக்கூடம் இளையவருக்கு, சமையல் மருமகளுக்கு என்று பிரிந்தது. பல்கலைக்கழகத்தில் நான் சமூகவியல் பாடமாகப் படித்த "வேலைப் பிரிவினை" அந்தத் தாளில் இருந்தது.

சகோதரிகளே, இது தீவகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. ஜப்பானில் 1939இல் பிறந்த ஜுன்கோ தபெய், பத்து வயதில் ஆசிரியரோடு போய் முதன்முதலில் மலையேறியவர். ஆண் மலையேறிகளிற் சிலர் பெண்களோடு ஏற விரும்பாத காலத்தில், 1969இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேறும் கழகத்தை உருவாக்கினார். எவரெஸ்டுக்குப் புறப்பட்டபோது அவருக்குச் சிறு மகள் இருந்தாள். வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்க வேண்டியவர்தானே என்ற பேச்சை அவரும் கேட்டார். வழியில் பனிச்சரிவில் புதையுண்டு மீட்கப்பட்டார். அதன்பின்னும் ஏறி, 1975 மே 16ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதற் பெண்ணானார். 1992இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்டு முடித்த முதற் பெண்ணும் அவரே. புற்றுநோய் வந்த பின்னரும் மலைக்குப் போவதை நிறுத்தாமல், 2016இல் தமது 77ஆவது வயதில் காலமானார். அதே 2016இன் மே மாதம் 21ஆம் திகதி, எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையரானார் ஜயந்தி குரு உதும்பால. அவரும் பெண்கள் உரிமைக்காக உழைப்பவர்.

எங்கள் அம்மா எவரெஸ்டின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரோ தெரியாது. ஆனால் கேட்க வேண்டியிருந்த அனுமதி ஒன்றுதான்.

உகந்தையில் அவரைச் சந்தித்து, காட்டுவழி மட்டும் அவரோடு நடக்க நான் லீவு எடுத்துக்கொண்டு போனேன். கறுத்து மெலிந்திருந்தார். குமுனைப் பக்கத்து மணலில் முதல் நாளே என் குதிக்கால் கொப்பளித்தது. முப்பதுகளில் இருக்கும் நான் பின்னுக்கு, அவர் முன்னுக்கு. எனக்கு மருந்து போட்டுவிட்டவரும் அவரே. விடியப்புறம் நடந்து, வெயில் ஏற மரநிழலில் இருந்து, பின்னேரம் திரும்ப நடக்கவேண்டும் என்று சொல்லித் தந்தார். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"சின்ன வயசிலையிருந்து நல்லதண்ணிக்கு நடந்த கால் பிள்ளை. அப்ப குடத்தோடை நடந்தனான். இப்ப கைவீசி நடக்கிறன். அவ்வளவுதான்."

மாணிக்க கங்கையில் முழுகி எழும்பி அவர் கனநேரம் அழுதார். ஏனென்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது ஆடுகள் உயிரோடு இருந்தன. பேரப்பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். மகன் இப்போதும் தண்ணீர் அள்ளுகிறார் என்று மருமகள் சொன்னார். பதினேழு வேலைகளில் பதினொன்று மறுபடி அந்த அம்மாவிடமே வந்துவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஆறு குறைந்தது.

நெடுநடை போக விரும்பும் தாய்மார் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். இரண்டு மாதம் முன்னரே நாள்தோறும் நடந்து பழகுங்கள். கிளினிக்கில் காட்டி, வழிக்கு வேண்டிய மருந்தையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுங்கள். புதுச் செருப்போடு புறப்படாதீர்கள்; பழகிய செருப்பே நல்லது. தனியே போகாமல், தெரிந்த பெண்கள் இருக்கும் குழுவோடு சேருங்கள். கதிர்காமம் எட்டாதென்றால் சிவனொளிபாதமலை இருக்கிறது. 2,243 மீற்றர் உயரம். மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம்.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்றிரவு ஒரு தாளை எடுத்து, அம்மா ஒரு நாளில் செய்யும் வேலைகளை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்த பிறகு, "அம்மா, உங்களுக்கு எங்கை போக விருப்பம்?" என்று கேளுங்கள்.