விமானத் திடலில் பிறந்த ரயில் பெட்டி



சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் தேறிய பிள்ளை. விமானத் தொழிற்சாலையில் இடம் கிட்டவில்லை. ரயில் பெட்டி கட்டும் ஆலையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. "விமானம் எங்கே, ரயில் பெட்டி எங்கே, மாமா?" என்று முகம் வாடி நின்றான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த நான் இதைக் கேட்டுச் சும்மா இருக்க இயலுமா? அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

நம்மில் பலர் குடியிருக்கும் விமானபுரத்தை அடுத்த திடலில்தான் அக்கதை தொடங்குகிறது. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு, 1940 டிசம்பர் 23ஆம் நாள் 'ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட்' கம்பெனியைத் தோற்றுவித்தார். சமஸ்தானம் நிலம் அளித்ததோடு 25 லட்சம் ரூபாய் முதலும் இட்டது. 1941 ஆகஸ்டில், இங்குப் பூட்டி முடித்த 'ஹார்லோ' பயிற்சி விமானம் வானில் எழுந்தது. மறு ஆண்டு இந்திய சர்க்கார் வால்சந்தின் பங்கை வாங்கிக்கொண்டது. 1943இல் நிர்வாகம் அமெரிக்கப் படையினர் கைக்குச் சென்றது. போரில் அடிபட்ட விமானங்களைச் செப்பனிடும் பெரும் பணிமனையாக இவ்விடம் விளங்கிற்று.

1945இல் போர் ஓய்ந்தது. உலகம் பெருமூச்சு விட்டது; ஆனால் அங்கே பழகிய கைகளுக்கு வேலையும் ஓய்ந்தது. கான்பூரில் அந்நியப் படைகள் கைவிட்டுச் சென்ற 'லிபரேட்டர்' குண்டு விமானங்களைக் கொணர்ந்து உயிர்ப்பித்தது ஒரு பணி. மற்றொன்று, எவரும் எதிர்பாராதது: ரயில் பெட்டி! அக்காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் மர உடல் கொண்டவை. விபத்து நேர்ந்தால் பலகை பிளந்து பயணிகளையே குத்தும். நாட்டுக்கு உலோகப் பெட்டிகள் தேவைப்பட்டன. தகட்டை அளந்து வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்துப் பிணைக்கும் வித்தை விமானத்துக்கும் பெட்டிக்கும் பொதுவன்றோ? பெரம்பூர் ஆலை 1955இல் திறக்கப்படுமுன்னரே, இந்த விமானத் திடலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் உருவாயின.

என் பாட்டனார் ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வந்து அங்கே ரிவெட் அடித்தவர். ஊரார் அவரை "ஏரோப்ளேன் கட்டுகிறவர்" என்பர். வீட்டாரும் மறுக்க மாட்டார்கள். அவர் மட்டும், "பெட்டி கட்டுகிறேன்" என்று திருத்துவார். ஏன் இப்படிப் பெருமையைக் கெடுத்துக்கொள்கிறீர் என்று பாட்டியார் கடிந்தபோது அவர் சொன்னதாக என் தந்தையார் கூறுவது இது: "நீ தலைப்பிரசவத்துக்கு ஊர் போனது ரயிலில்தானே? நீ சாய்ந்திருந்த தகட்டில் ஓர் ஆணி தளர்ந்திருந்தால் சம்மதமா?"

அந்தப் பெட்டிப் பிரிவே 1964இல் பதிவான 'பெமல்' கம்பெனிக்கு அடித்தளமாயிற்று. 1965 ஜனவரி முதல் நாள் அது வேலையைத் தொடங்கியது. 2011இல் நம் நகரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ வண்டியும் அதன் கைவண்ணமே. விமானத் தொழிலும் தளர்ந்துவிடவில்லை. 1961 ஜூன் 17இல் 'மாருத்' போர் விமானமும், 2001 ஜனவரி 4இல் இன்று 'தேஜஸ்' எனப்படும் விமானமும் முதன்முதலில் பறந்தது இத்திடலிலிருந்தே.

2008 மே 24ஆம் நாள் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் பெயர்ந்தன. வாடகைக் கார்களும் வழியனுப்பும் கூட்டமும் இங்கே மறைந்தன. ஆயினும் ஓடுபாதை புல் முளைத்துக் கிடக்கவில்லை, தொழிற்சாலைக்கென நிலைத்தது. ஒரு பணி போயிற்றே என்று அத்திடல் ஒருநாளும் கை கட்டி நின்றதில்லை. அடுத்து எது தேவையோ அதற்குக் கை கொடுத்தது.

இவ்வளவையும் கேட்ட பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "உங்கள் தாத்தா கட்டிய பெட்டி ஒன்றாவது எங்கேனும் இருக்கிறதா, மாமா?"

எனக்கு விடை தெரியவில்லை, நேயர்களே. அவர் எந்தப் பெட்டியில் கை வைத்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சீட்டும் இல்லை. ஆலையின் வரலாற்றில் வால்சந்தின் பெயர் உண்டு. ஆணி அடித்தவர் பெயரை அவரவர் வீட்டார்தாம் காக்க வேண்டும். நாங்கள் காக்கவில்லை. உங்கள் பெட்டியடியில் முதியோரின் ஆலை வில்லையோ, சம்பளச் சீட்டோ, புகைப்படமோ இருந்தால், அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தவறாது கொண்டு வாருங்கள். நகலெடுத்துச் சங்கத்தில் வைப்போம். முதியவர் உயிரோடிருந்தால் அவரையே அழைத்து வாருங்கள்.

அப்பிள்ளை பணியில் சேர இம்மாதம் 20ஆம் தேதி கடைசி நாள். முடிவு அவனுடையது. அவன் சேர்ந்தால், முதல் நாள் கிடைக்கும் அடையாளச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.