பாயின்ட் சேர்ந்தால் போதுமா?

பெங்களூருவோடு பிணைந்த இரண்டு விமான நிறுவனங்களின் கதை இது. முதலாவது, 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான். பயணிக்கு அது கொடுத்த ஒரே சலுகை குறைந்த கட்டணம். தண்ணீர் பாட்டில்கூட காசுக்குத்தான். இரண்டாவது, விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 2005 மே மாதம் பறக்கவிட்ட கிங்ஃபிஷர். நல்ல சாப்பாடு, இருக்கைக்கு எதிரே டி.வி., போதாததற்கு 'கிங் கிளப்' என்ற திட்டம். பறக்கப் பறக்கப் பாயின்ட் சேரும், சேர்ந்த பாயின்ட்டில் பிறகு இலவசமாகப் பறக்கலாம்.

2007இல் யு.பி. குழுமம் டெக்கானின் பங்குகளை வாங்கியது. 2008இல் இரண்டும் ஒன்றாயின. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரின் விமானங்கள் தரையில் நின்றன, லைசென்ஸும் முடக்கப்பட்டது. டெக்கானில் போனவர் மிச்சம் பிடித்த பணம் அன்றும் அவர் பையில்தான் இருந்தது. 'குழந்தைகளுக்கு லீவு விடட்டும், குடும்பத்தோடு போகலாம்' என்று கிங் கிளப்பில் பாயின்ட் சேர்த்து வைத்தவரிடம் மிஞ்சியது ஓர் அட்டை.

விடுமுறைச் செலவைக் குறைக்க பாயின்ட்டை நம்பும் எந்தக் குடும்பமும் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. பாயின்ட் என்பது நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். அதற்கு வட்டி கிடையாது, ஈடு கிடையாது. எப்போது, எவ்வளவு திருப்பித் தருவது என்பதைக் கடன் வாங்கியவரே தீர்மானிக்கலாம். இடையில் விதியை மாற்றவும் செய்யலாம். நிறுவனம் நொடித்தால், முன்வரிசையில் வங்கிகள் நிற்கும். கிங்ஃபிஷரில் ஊழியர்களின் சம்பளமே பாக்கி நின்றது. பாயின்ட் வைத்திருந்தவரை யார் கேட்கப் போகிறார்கள்?

எல்லாக் கதையும் இப்படியே முடிவதில்லை என்பதும் உண்மை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் பாயின்ட் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் தப்பியது. அதே ஆண்டு 'இன்டர்மைல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் பாயின்ட் சேர்த்தவர்கள் நம்பியிருந்த ஜெட் விமானம் வானில் இல்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவில் இணைந்தபோது பயணிகளின் பாயின்ட்டுகளும் அங்கே மாற்றப்பட்டன. வாங்கியவர் வலுவானவராக இருந்தார், சேர்த்தது பிழைத்தது. மொத்தத்தில், உங்கள் லீவு யாரோ ஒருவரின் வியாபாரத்தைப் பொறுத்தது.

இந்தப் பழக்கத்தை உலகுக்குப் பெரிய அளவில் கற்றுக்கொடுத்தது 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம். அடிக்கடி பறக்கும் கம்பெனி அதிகாரி வேறு விமானத்துக்குத் தாவாமல் இருக்க அவருக்கு வீசப்பட்ட தூண்டில் அது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது கம்பெனி, பாயின்ட் சேர்வது அதிகாரிக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை நான்கு பேராகக் கிளம்பும் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்ததல்ல. அதனால்தான் பாயின்ட்டுக்கு ஒரு சீட் கிடைக்கும் நாளில் நான்கு சீட் கிடைப்பதில்லை. தசரா விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் சொல்லவே வேண்டாம்.

'இலவச' டிக்கெட்டிலும் வரியும் கட்டணங்களும் கையிலிருந்துதான் போகும். ஆகவே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் கொடுத்தால் 5,000 ரூபாய் ஆகும் டிக்கெட்டுக்கு 10,000 பாயின்ட்டும் 1,000 ரூபாயும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பாயின்ட் மிச்சப்படுத்துவது 4,000 ரூபாய். அதாவது ஒரு பாயின்ட் 40 காசு. அதே பாயின்ட்டுக்கு மிக்ஸி தருகிறார்கள் என்றால், அந்த மிக்ஸியின் கடை விலையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பெரும்பாலும் காசு இன்னும் குறையும்.

கிரெடிட் கார்டில் விஷயம் இன்னும் கறார். 40,000 ரூபாய்க்கு ஊர் சுற்றிவிட்டு வந்தால், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 400 ரூபாய்க்குப் பாயின்ட் கிடைக்கலாம். பில்லைக் கட்டாமல் தள்ளிப்போட்டால், மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால்கூட முதல் மாத வட்டியே 1,400 ரூபாய். முழு பில்லையும் கெடுவுக்குள் கட்ட முடியாதவர்களுக்குப் பாயின்ட் கார்டு ஒரு செலவு, அவ்வளவுதான்.

பெங்களூருக் குடும்பத்துக்கு உண்மையான மிச்சம் பாயின்ட் என்ற பெயர் இல்லாத இடங்களிலேயே அதிகம். கர்நாடக அரசுப் பஸ்ஸில் போக, வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்து முன்பதிவு செய்தால், திரும்பி வரும் டிக்கெட்டில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. நான்கு பேரோ அதற்கு மேலோ ஒரே டிக்கெட்டாக எடுத்தால் 5 சதவீதச் சலுகையும் இருக்கிறது. மடிக்கேரிக்கு ஒருவருக்கு 600 ரூபாய் என்று வைத்தால், நான்கு பேர் போய்வர 4,800 ரூபாய். திரும்பும் டிக்கெட் தள்ளுபடி மட்டுமே 240 ரூபாய், அதுவும் உடனே. இதே தொகைக்கு மேலே சொன்ன கார்டு தரும் பாயின்ட் 48 ரூபாய்க்குத்தான் வரும்.

2023 ஜூனில் வந்த 'சக்தி' திட்டத்தில் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு மாநிலத்துக்குள் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் கட்டணமே இல்லை. பாட்டி, அம்மா, மகள் மூவரும் மைசூரு அரண்மனையைப் பார்த்துவர அப்பாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். சொகுசுப் பஸ்ஸுக்கும் தமிழகம் வரும் பஸ்ஸுக்கும் இது பொருந்தாது. மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறியபோது, ஸ்மார்ட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க 10 சதவீதத் தள்ளுபடி அறிவித்தார்கள். லால்பாக் போகும் நாளுக்கு அது உதவும்.

ரயிலில் கதை தலைகீழ். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தாத்தா பாட்டியோடு சென்னைக்குப் போகிறவர்களின் செலவு அன்றிலிருந்து கூடிவிட்டது. இந்த இடத்தில் ஐ.ஆர்.சி.டி.சி. பெயரில் வரும் வங்கிக் கார்டின் பாயின்ட் ஓரளவு கைகொடுக்கும், ஏ.சி. வகுப்பில் போகிறவர்களுக்கு மட்டும்.

ஆக, பாயின்ட்டை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. எப்படியும் செய்யப்போகும் செலவில் தானாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்காதீர்கள். ஏழெட்டுக் கார்டுகளில் சிதறவிடாமல் ஒன்றிரண்டில் சேருங்கள். குடும்பத்தினரின் கணக்கை ஒன்றாக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் எடுத்துச் செலவழித்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள கார்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் காலாவதியாவது எதுவோ, அதில்தான் தசரா டிக்கெட்.