டீசல் ஒழுகவில்லை, காற்று நுழைகிறது

அறுவடை நாளில் டிராக்டர் பாதி வழியில் நின்றுவிட்டால் நிற்பது வண்டி மட்டுமல்ல. வெட்டிய செம்பனைக் குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்தாக வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி, எண்ணெயின் தரம் இறங்கும். அந்தப் பதற்றத்தில் ‘பம்ப் போய்விட்டது’ என்று யார் சொன்னாலும் நம்பி, பெரிய செலவில் இறங்கிவிடுகிறோம். பல நேரங்களில் கோளாறு சில ரிங்கிட் மதிப்புள்ள ரப்பர் வளையத்தில்தான் இருக்கும். ஊரில் சிறுதோட்டம் வைத்திருக்கும் பெற்றோருக்கு உதவ நினைக்கும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

டீசல் இன்ஜெக்டர் திறக்க, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் தேவை. டீசல் எளிதில் சுருங்காது. பம்ப் தள்ளியதும் அழுத்தம் ஏறும். இடையில் காற்றுக் குமிழி இருந்தால் அதுதான் பஞ்சுபோல் சுருங்கும். இன்ஜெக்டர் திறக்காது.

அறிகுறிகள் எளியவை. வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஸ்டார்ட் ஆனாலும் சில நிமிடங்களில் திணறி நிற்கும். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது புகைபோக்கியில் புகையே இல்லையென்றால், டீசல் உள்ளே போகவில்லை என்று பொருள். காற்றை வெளியேற்றினால், அதாவது ‘ஏர் எடுத்தால்’, மறுபடி ஓடும். ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஏர் எடுக்க வேண்டியிருந்தால், காற்று எங்கிருந்தோ புதிதாக நுழைகிறது.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். எங்கும் ஒழுகவில்லையே, பிறகு ஓட்டை எப்படி இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஃபீட் பம்புக்குப் பிறகு டீசல் அழுத்தத்தில் போகிறது; அங்கே விரிசல் இருந்தால் வெளியே கசியும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்திருப்பதால் அது நல்ல குழாய் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் காசு செலவில்லாத சோதனைகள். டேங்கில் போதிய டீசல் இருக்கிறதா? மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா? மூடியைத் தளர்த்தியதும் ‘உஸ்’ என்ற சத்தம் வந்து வண்டி சீராக ஓடினால், குறை மூடியில்தான்.

அடுத்து ஏர் எடுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டுத் தொடங்குங்கள். சூடான பாகத்தில் டீசல் பட்டால் தீப்பிடிக்கலாம். ஃபில்டர் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். மாஸே பெர்குசன் 135 போன்ற பழைய வண்டிகளில் இந்தக் கைப்பிடி உண்டு. அடிக்கும்போது பிடிப்பே இல்லையென்றால் இன்ஜினைச் சிறிது சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள்.

ஃபில்டரில் குமிழி நிற்கவே இல்லையென்றால், காற்று அதற்கு முன்பே நுழைகிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் குழாயைப் பொருத்திப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அல்லது சுத்தமான டீசல் கேனைப் பம்புக்கு மேலே வைத்து, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுங்கள். வண்டி நன்றாக ஓடினால் குறை டேங்குப் பக்கம்தான்.

ஃபில்டர் மாற்றிய பிறகு தொல்லை வந்ததா? பழைய ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் போட்டிருக்கலாம். பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டிருக்கலாம். ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம். நம் நாட்டில் 2019இல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்கும் முறை நடப்புக்கு வந்தது. பழைய வண்டிகளின் சிலவகை ரப்பர் இதில் ஊறி மென்மையாகலாம். மாற்றும்போது பயோடீசல் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்ற வேண்டாம். அதன் துணுக்குகள் இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் விரலையே, சில நேரம் கையையே இழக்க நேரிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் வண்டி ஓடாவிட்டால் பட்டறைக்குச் சொல்லுங்கள். ஆனால் ‘வண்டி ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ஃபில்டர் வரை குமிழி இல்லாமல் டீசல் வருகிறது, அதற்குப் பிறகு வரவில்லை’ என்று சொல்லுங்கள். அவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். தேவையில்லாத பாகத்துக்கு நீங்கள் பணம் கட்டவும் வேண்டியிருக்காது.