ஓவர்ரீச் என்னும் வினைச்சொல்

நீதிமன்ற ஆவணங்களையும் சட்ட நூல்களையும் தமிழாக்கும் நம்மவரிடையே, ‘ஓவர்ரீச்’ என்ற ஆங்கில வினையைக் கண்டவுடன் ‘வரம்பு மீறுதல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும் வழக்கம் வேரூன்றி வருகிறது. அதே சொல் ஒரு மனுவில் வஞ்சனையைக் குறிக்கவும், ஒரு விமர்சனத்தில் அதிகார மிகையைக் குறிக்கவும், இங்கிலாந்தின் நிலச் சட்டத்தில் குற்றத்தின் சாயலே இல்லாததும் சட்டம் தானே வகுத்துக் கொடுத்ததுமான ஒரு நடைமுறையைக் குறிக்கவும் வருகிறதென்பதைக் கவனியாமல் செய்யும் தமிழாக்கம், கட்சிக்காரருடைய வழக்கையே மாற்றிச் சொல்லிவிடக் கூடுமாதலால், இதைச் சற்று விஸ்தாரமாக ஆராய்வது உசிதம் என்று கருதுகிறோம்.

ஆதிப் பொருளில் இச்சொல்லுக்கு நிந்தை ஏதும் இல்லை. கை நீட்டித் தொடுவது ‘ரீச்’. அதற்கு மேலும் அப்பாலும் எட்டுவது ‘ஓவர்ரீச்’. 16ஆம் நூற்றாண்டுக்குள் அது பிறரைத் தந்திரத்தால் விஞ்சுவது, ஏய்ப்பது என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில் வழியிலே சென்ற நடிகர் கூட்டத்தை எட்டிப் பிடித்துக் கடந்து வந்த செய்தியைச் சொல்லும் இந்த வினை, அவருடைய ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தில், வேலையாளிடமிருந்த பணத்தை யாரோ ஏமாற்றிப் பறித்துவிட்டார்கள் என்று எஜமானன் சந்தேகிக்கும் இடத்தில் வருகிறது. ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படுவதும் 1589இல் வெளிவந்ததுமான அணியிலக்கண நூலோ, நாம் உயர்வு நவிற்சி என்று வழங்கும் அணிக்கு ‘ஓவர்ரீச்சர்’ என்றே நாமகரணம் செய்தது. கிரேக்கப் பெயர்களை நீக்கி ஆங்கிலப் பெயர்களை நாட்ட விரும்பிய அவருடைய ஆக்கங்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை என்பது, கலைச்சொல்லாக்கத்தில் கைசுட்டுக்கொண்ட நம் வாசகர் சிலருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செயப்படுபொருள்தான். பிறரை ‘ஓவர்ரீச்’ செய்வது வஞ்சித்தல். தன்னைத் தானே செய்துகொள்வதாக வருமிடத்தில், சக்திக்கு மிஞ்சிய காரியத்தில் இறங்கித் தன் முயற்சியாலேயே தான் கெடுவது. இந்த இரண்டாவதற்கு, ‘அகலக் கால் வைத்தல்’ என்று வீட்டிலும் கடைவீதியிலும் வழங்கும் தொடரே போதுமானதாயிருக்க, ‘தன் வரம்பைத் தானே மீறுதல்’ என்று எவரும் பேசாத தமிழை எழுதுவானேன்? செயப்படுபொருள் இன்றி, ஒரு மன்றமோ அமைச்சகமோ எழுவாயாக நிற்குமிடத்தில்தான் ‘வரம்பு மீறுதல்’ நியாயமாகப் பொருந்தும்.

இந்திய நீதிமன்றங்களில் இக்குழப்பம் நாள்தோறும் எழக்கூடியது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே சொத்தைக் கைமாற்றி, வரப்போகும் உத்தரவைப் பயனற்றதாக்க முனையும் ஒருவரை, நீதிமன்றத்தை ‘ஓவர்ரீச்’ செய்ய முயன்றவர் என்று உத்தரவுகள் கண்டிக்கின்றன. இங்கே ஏய்க்கப்படுவது நீதிமன்றம். மாறாக, ‘ஜுடிஷியல் ஓவர்ரீச்’ என்னும்போது குற்றம் சாட்டப்படுவதே நீதிமன்றம். தோட்டக்காரர்களாக நியமனம் பெற்று டிராக்டர் ஓட்டும் வேலையைச் செய்துவந்தவர்களுக்காக, இல்லாத ஓட்டுநர் பதவிகளைப் புதிதாக உருவாக்கச் சொன்ன உயர்நீதிமன்றத்தின் உத்தரவை, 2007 டிசம்பரில் அரவல்லி கோல்ஃப் கிளப் வழக்கில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பதவிகளை ஏற்படுத்துவது நீதிபதிகளின் வேலையன்று என்று தீர்ப்பளித்தது இந்த இரண்டாம் வகை விவாதத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே தமிழ்த் தொடரால் பெயர்த்தால், ஏய்த்தவனுக்குரிய பழி நீதிபதியின் தலையில் வந்து விழும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது இங்கிலாந்து நிலச் சட்டத்தின் பிரயோகம். ஒரு வீடு சிலர் பெயரில் இருந்து, அதன் பயனில் வேறு சிலருக்கும் பாத்தியதை இருக்குமானால், விலைத் தொகையையோ அடமானத் தொகையையோ குறைந்தது இரண்டு தர்மகர்த்தாக்களிடமோ ஒரு டிரஸ்ட் கார்ப்பரேஷனிடமோ செலுத்தியவர், அந்தப் பாத்தியதைகளால் கட்டுப்படாமல் சொத்தை அடைகிறார். பாத்தியதைகள் நிலத்தைவிட்டு நீங்கி அந்தத் தொகையைப் பற்றிக்கொள்கின்றன. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் இதற்கு ‘ஓவர்ரீச்சிங்’ என்று பெயரிடுகிறது. 1980இல் போலண்ட் வழக்கில், வீடு கணவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்ததால் இந்த விதி செயற்படவில்லை. அதிலே குடியிருந்த மனைவியின் பாத்தியதை வங்கியைக் கட்டுப்படுத்திற்று. 1987இல் ஃப்ளெக் வழக்கிலோ, வீடு வாங்கத் தம் பணத்தைப் போட்டு அதிலேயே குடியிருந்த பெற்றோர், வீடு மகள், மருமகன் ஆகிய இருவர் பெயரில் இருந்து, அவ்விருவரும் தமக்குத் தெரியாமல் அடமானம் வைத்துத் தொகையைப் பெற்றுக்கொண்டுவிட்டதால், கடன் கொடுத்த சங்கத்துக்கு எதிராகத் தோற்றனர். முடிவு கொடியதென்று தோன்றலாம். எமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆயினும், கடன் கொடுத்தவர் வரம்பு மீறினார் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், சட்டம் சொல்லாத ஒரு குற்றத்தைத் தாமே சுமத்துகிறார். ‘பாத்தியதை தொகைக்கு மாறுதல்’ என்று விரித்து எழுதினால் அழகு குறையலாம், பிழை நேராது.

குதிரை வளர்ப்போர், பின்னங்காலின் குளம்பு முன்னங்காலின் குதியில் மோதிக் காயப்படுத்துவதை இதே சொல்லால் குறிப்பதும், விளையாட்டு மருத்துவத்தில், ஓய்வெடுத்தால் மறைந்துவிடக் கூடிய தற்காலிகப் பயிற்சிக் களைப்புக்கு இதுவே பெயராக வழங்குவதும் நம் தொழிலுக்கு அபூர்வமாகவே தேவைப்படும். கால்நடை இழப்பீட்டு வழக்கை மொழிபெயர்ப்பவர் முதலாவதை நினைவில் வைத்திருக்கட்டும்.

அகராதி தயாரிக்கும் குழுக்களுக்கு எம் விண்ணப்பம் ஒன்று: இனி வரும் சட்டச் சொற்பட்டியல்களில் இந்த வினையை ஒரே பதிவாக அடக்காமல், எழுவாயும் செயப்படுபொருளும் விளங்கும் மாதிரி வாக்கியங்களோடு தனித்தனிப் பதிவுகளாகத் தாருங்கள். நிலச் சட்டப் பொருளுக்கு இதைவிடச் சுருக்கமான தமிழை ஆண்டுவரும் அன்பர்கள் எமக்கு எழுதினால், அடுத்த இதழில் நன்றியோடு வெளியிடுவோம்.