உள்ளான்களை எண்ணப் போகும் வாலிபர்



நம் சபையின் வாலிபர் சிலர், ஜனவரியில் கோடியக்கரையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராய்ப் போக விரும்புகிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், ஆராதனையை விட்டுப் பறவை பார்க்கப் போகலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். போகலாம் என்பதே என் கருத்து. பல இடங்களில் ஒரே வேளையில் எண்ணினால்தான், இங்கே எண்ணிய பறவையை வேறிடத்தில் மறுபடி எண்ணாதிருக்க முடியும். நம் வசதிக்கு நாளை மாற்ற இயலாது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடைபெறுகிறது. 1967இல் சரணாலயமான கோடியக்கரையின் சேற்றுவெளிகளுக்கு, வடதுருவத்தை அடுத்த நிலங்களில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான்கள் குளிர்காலத்தில் வருகின்றன. ஒன்றின் எடை சுமார் 25 கிராம்தான். பெருங்கூட்டமாய் மேயும்போது முதலில் பத்தை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு முழுக் கூட்டத்தையும் கணிக்க வேண்டும். கூட்டம் எழும்பிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. காணாததை எழுதக் கூடாது. ஓர் இனம் தென்படவில்லையென்றால் பூஜ்யம் என்றே குறிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வரும் பூஜ்யமே ஒரு பறவை இல்லாமற்போனதைப் பின்வருவோர்க்குச் சொல்லும். முற்காலத்தில் கோடியக்கரையில் காணப்பட்ட, கரண்டி போன்ற அலகுள்ள உள்ளான் இன்று உலகளவிலேயே அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இந்த நேர்மையை வாலிபர் கற்று வந்தால் சபைக்கும் நல்லது. எழுப்புதல் கூட்டங்களுக்கு வந்தோரை அறிக்கையில் எழுதும்போது பலருடைய கை எவ்வளவு தாராளமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும்!

தாவீது ஜனத்தை எண்ணியதால் வாதை வந்ததே என்று ஒருவர் கேட்டார். தாவீது எண்ணியது போருக்குத் தகுந்த மனுஷரை. தன் பலத்தை அறியவே எண்ணினான். உள்ளானை எண்ணுகிறவனுக்கு அதனால் ஒரு பலமும் கூடுவதில்லை. வலசைப் பறவைகள் தங்கள் வேளையை அறிந்திருக்கின்றன என்று எழுதிய எரேமியா, அவை வருவதையும் போவதையும் கவனித்திருக்க வேண்டும். பறவைகளைக் கவனிக்கும்படி ஆண்டவர் மலைமேல் சொன்னதைக் கவலைக்கு மருந்தாகவே பிரசங்கிக்கிறோம். கண்ணால் பார்ப்பதும் அதில் அடங்கும் அல்லவா?

புதியவர்கள் பறவைகளை நன்கு அறிந்தவர்களோடு சேர்ந்தே போகட்டும். சனிக்கிழமை மாலை ஜெபித்து அனுப்புவோம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் தங்கள் பட்டியலை அவர்கள் வாசிக்க வேண்டும், பூஜ்யங்கள் உட்பட.